துடிப்பு சீரில்லாதவர்களுக்கு வால்வு கசிவு: கிளிப்பா, அறுவையா, முதலில் துடிப்பா?

#1 நீலவானம்

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 73. இதயத் துடிப்பு சீராக இல்லை என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை என்று காலம் ஓடியது. பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. சென்ற சில மாதங்களாகத்தான் மூச்சிரைக்கிறது. மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, "நீங்கள் போங்கள், வருகிறேன்" என்கிறார். மல்லாந்து படுக்க முடியவில்லை.

எக்கோ அறிக்கையில் இருப்பது: மைட்ரல் வால்வில் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ளது) கடுமையான கசிவு. ட்ரைகஸ்பிட் வால்வில் (வலது பக்கத்தில் அதே இடத்தில் உள்ளது) மிதமான கசிவு. மேலறைகள் இரண்டும் விரிந்திருக்கின்றன, இடது மேலறை மிக அதிகமாக. இடது கீழறையின் அளவு இயல்பு. இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளித்தள்ளும் இரத்தத்தின் பங்கு) 60 சதவீதம்.

மூன்று மருத்துவர்களிடம் காட்டினோம். ஒருவர், மார்பைத் திறக்காமல் வால்வின் இதழ்களைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் போடலாம் என்கிறார். இன்னொருவர், அறுவை செய்து, வால்வின் வாயைச் சுருக்கும் செயற்கை வளையம் வைப்பதுதான் சரி என்கிறார். மூன்றாமவர் வால்வைத் தொடவே வேண்டாம், முதலில் துடிப்பைச் சீராக்கிப் பார்ப்போம் என்கிறார். மூவரும் நிதானமாகத்தான் பேசினார்கள், மூவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. குழப்பமே அதுதான். இந்த வழியில் போனவர்களும் விவரம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

#2 எதிரொலி

நான் எக்கோ எடுக்கும் தொழில்நுட்பப் பணியாளர், மருத்துவர் அல்ல. ஆனால் அறிக்கையில் நீங்கள் எழுதாமல் விட்ட இரண்டு வரிகள் எனக்கு வேண்டும். வால்வின் இதழ்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்? இதழ் மேலறைப் பக்கம் சரிகிறதா, இதழைப் பிடித்திருக்கும் நாண் ஏதாவது அறுந்திருக்கிறதா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா? கசியும் இரத்தம் நடுவில் பீய்ச்சுகிறதா, ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஓடுகிறதா?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கதவு மூடாமல் போவதற்குக் கதவுதான் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை, நிலைச்சட்டம் விரிந்துவிட்டாலும் இரண்டு பலகைகளுக்கு இடையில் சந்து விழும். மைட்ரல் வால்வின் இயற்கையான வளையம் இடது மேலறையின் அடிப்பாகத்தோடு ஒட்டியது. துடிப்பு ஆண்டுக்கணக்கில் சீரில்லாமல் இருந்தால் மேலறை விரியும், அதோடு வளையமும் விரியும், நல்ல நிலையில் இருக்கும் இதழ்களே ஒன்றையொன்று தொட முடியாமல் போகும். கீழறை நன்றாக இருந்து மேலறை மட்டும் விரிந்திருப்பதாக நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தச் சந்தேகம்தான் எனக்கு வருகிறது.

இ.எஃப். பற்றி ஒரு சொல். கடுமையான கசிவு இருக்கும்போது கீழறை பாதி இரத்தத்தை அழுத்தம் குறைந்த மேலறைக்குள் பின்னோக்கித் தள்ளிவிடுகிறது. அது சுலபமான வேலை. அதனால் 60 என்ற எண் உள்ளதைவிடக் கொஞ்சம் நன்றாகவே தெரியும். மிக நல்லது என்று நிம்மதியடைய வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

#3 நீலவானம்

பார்த்துவிட்டேன். "இதழ்கள் சற்றுத் தடித்துள்ளன, சரிவு இல்லை, வளையம் விரிந்துள்ளது, நடுவில் பீய்ச்சல்" என்றுதான் இருக்கிறது.

#4 வெள்ளை அங்கி

இதய மருத்துவன் என்ற முறையில் பொதுவாகச் சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் தாயாரைப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

வால்வு கசிவும் சீரற்ற துடிப்பும் ஒருவரிடமே இருந்தால், முதலில் வந்தது எது என்ற கேள்வியைக் கேட்காமல் சிகிச்சையைப் பேசக் கூடாது. மூன்று மருத்துவர்கள் மூன்று பதில் சொன்னதற்கு அநேகமாக இதுதான் காரணம். ஆளுக்கொரு முனையிலிருந்து பார்க்கிறார்கள்.

வால்வே நோயுற்றிருக்கலாம். நாண் அறுந்து, இதழ் சரிந்து, அதனால் கசிவு. கசிந்த இரத்தம் மேலறையை விரிக்கிறது, விரிந்த மேலறை ஒருநாள் ஒழுங்கு தவறுகிறது. இங்கே வால்வுதான் மூலம். இப்படிப்பட்ட கடும் கசிவுள்ளவருக்குப் புதிதாகத் துடிப்பு தவறத் தொடங்கினால், மூச்சிரைப்பு இல்லாவிட்டாலும் அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வழிகாட்டுநெறிகளே சொல்கின்றன. அவரிடம் துடிப்பை மட்டும் சரிசெய்துகொண்டு காலம் கடத்தினால் கீழறை தளர்ந்துவிடும்.

கீழறை நோயுற்றிருக்கலாம். மாரடைப்புக்குப் பின்னாலோ தசை பலவீனத்தாலோ கீழறை பெருத்து, இதழ்களைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது தனிக் கதை.

மூன்றாவது, #2 இல் சொன்ன வகை. கீழறை நன்றாக இருக்கிறது, இதழ்கள் நன்றாக இருக்கின்றன, துடிப்பும் மேலறையும்தான் கெட்டவை. இது உண்மையிலேயே தனி நோயா என்று நெடுங்காலம் சந்தேகப்பட்டார்கள். 2011 இல் வந்த ஓர் ஆய்வு அந்தச் சந்தேகத்தைப் பெரிதும் போக்கியது. மிதமானது முதல் கடுமையானது வரை கசிவு இருந்த 53 பேருக்குத் துடிப்புக் கோளாறுக்கான அப்லேஷன் (இதயத்துக்குள் குழாயை விட்டுக் கோளாறான தசையைச் சுடுவது) மட்டும் செய்தார்கள், வால்வைத் தொடவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சீரான துடிப்பிலேயே நீடித்தவர்களில் 24 சதவீதம் பேருக்குத்தான் குறிப்பிடத்தக்க கசிவு எஞ்சியிருந்தது. துடிப்பு மறுபடியும் தவறியவர்களில் அது 82 சதவீதம்.

உங்கள் மூன்றாவது மருத்துவர் இதை மனத்தில் வைத்துத்தான் பேசியிருப்பார். ஆனால் அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அம்மாவின் துடிப்பு விட்டுவிட்டுத் தவறுகிறதா, அல்லது ஆண்டுக்கணக்கில் ஒருநாளும் சீராகாமல் அப்படியே நிலைத்துவிட்டதா? மேலறை மிகப் பெரிதாகி, துடிப்பும் நிலையாகவே தவறிவிட்டால் அப்லேஷன் பலிக்கும் வாய்ப்பு குறையும். மேலறைத் தசையில் தழும்பு படிந்திருக்கும், சீராக்கினாலும் அது பழைய அளவுக்குச் சுருங்காது.

#5 மாற்றுக்கருத்து

53 பேர். அதையும் பின்னோக்கிப் பார்த்து எழுதிய ஆய்வு. சீரான துடிப்பில் நீடித்தவர்கள் முதலிலேயே நோய் குறைவாக உள்ளவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? அப்படியிருந்தால் கசிவு குறைந்ததற்கு அப்லேஷனுக்கு என்ன பெருமை?

2002 இல் வந்த அஃபர்ம் ஆய்வையும் யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். 4,060 பேர். துடிப்பைச் சீராக்க முயன்றவர்களும், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்திக்கொண்டு சும்மா இருந்தவர்களும் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். 73 வயது அம்மாவின் இதயத்துக்குள் குழாயை விட்டுச் சுடுவதற்கு முன்னால் இதையும் ஒருமுறை படிக்கட்டும்.

#6 வெள்ளை அங்கி

இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நீங்கள் சொன்ன பலவீனம் அந்த ஆய்வில் இருக்கத்தான் செய்கிறது. கசிவுக்குக் காரணம் துடிப்புதான் என்பதற்கு அது வலுவான தடயம், தீர்ப்பு அல்ல.

அஃபர்ம் வேறு. அங்கே துடிப்பைச் சீராக்கியது பெரும்பாலும் மாத்திரைகளை வைத்து. அந்த மாத்திரைகளுக்கே சொந்தத் தீங்குகள் உண்டு. போதாக்குறைக்குத் துடிப்பு சீரானதென்று பலருக்கு உறைதல் தடுப்பு மருந்தையும் நிறுத்தினார்கள், அதன் விலையைப் பக்கவாதமாகக் கொடுத்தார்கள். 2020 இல் வந்த ஈஸ்ட் ஆய்வு வேறு விடையைத் தந்தது. நோய் கண்டுபிடித்து ஓராண்டுக்குள் துடிப்பைச் சீராக்கத் தொடங்கியவர்களுக்கு இதயச் சாவு, பக்கவாதம், மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றின் கூட்டுத்தொகை குறைந்தது. ஆனால் 'ஓராண்டுக்குள்' என்பதை அடிக்கோடிட வேண்டும். நீலவானத்தின் தாயார் அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்த அளவில் மாற்றுக்கருத்து சொல்வதை நான் ஏற்கிறேன்.

#7 பழைய நாடி

படித்த ஆய்வு எதுவும் என்னிடம் இல்லை, என் நெஞ்சுதான் இருக்கிறது.

எனக்கும் இதே வகைக் கசிவு. என் மருத்துவர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது, அதனால் எழுதுகிறேன். அப்லேஷனுக்கு உடனே அனுப்பவில்லை. முதலில் மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கிப் பார்த்தார். "இது சிகிச்சை அல்ல, சோதனை. சீரான துடிப்பில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்ப்போம், வால்வு என்ன சொல்கிறதென்றும் பார்ப்போம்" என்றார். குறைந்தது மூன்று வாரம் உறைதல் தடுப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டிருக்க வேண்டும், பிறகு நான்கு வாரமாவது தொடர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மேலறையில் இரத்தக்கட்டி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று உணவுக்குழாய் வழியாக எக்கோவும் எடுத்தார்கள். தூக்க மருந்து கொடுத்ததால் அதிர்ச்சியை நான் உணரவில்லை. மார்பில் பட்டை ஒட்டிய இடம் வெயிலில் கருகியது போல் சில நாள் எரிந்தது.

சீரானதும் மூச்சு விட்டது வேறு மாதிரி இருந்தது. மறுபடி எக்கோ எடுத்தபோது கசிவு 'கடுமை'யிலிருந்து 'மிதம்' ஆகியிருந்தது. அதன் பிறகுதான் அப்லேஷன். கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு துடிப்பு மறுபடியும் தவறியது, இன்னொரு முறை உள்ளே போனார்கள். இப்போது பரவாயில்லை. வால்வில் இன்னும் கசிவு உண்டு, அதோடு வாழ்கிறேன்.

#8 எதிரொலி

பழைய நாடி ஐயா சொன்னதில் எனக்கு ஒட்டிக்கொண்டது 'கடுமை' 'மிதம்' ஆனது என்ற இடம். அந்தச் சொற்கள் எப்படிப் பிறக்கின்றன என்று நோயாளிகளுக்கு யாரும் சொல்வதில்லை.

சீரான துடிப்புள்ளவரிடம் ஒரு துடிப்பை அளந்தால் அடுத்ததும் ஏறக்குறைய அதே. துடிப்பு தவறியவரிடம் அப்படி இல்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் துடிப்பில் கீழறை நிரம்பி வழிகிறது, குறுகிய இடைவெளிக்குப் பின் வருவதில் பாதிதான் நிரம்பியிருக்கிறது. திரையில் நீலமும் சிவப்புமாகப் பீய்ச்சுகிற கசிவு ஒரு துடிப்பில் மேலறையின் பின்சுவர் வரை போகும், அடுத்ததில் வாசலிலேயே நின்றுவிடும். படத்தை உறையவைக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து இரண்டு இடைவெளிகள் ஒத்து வரும் துடிப்புக்காகக் காத்திருப்பேன். ஐந்து துடிப்பாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும். வரிசையில் கூட்டம் நிற்கும் நாளில் எல்லோரும் ஐந்து எடுக்கிறார்களா என்று கேட்காதீர்கள்.

பொதுவாக, ஒரு துடிப்புக்கு 60 மில்லிலிட்டர் பின்னோக்கிப் போனால் கடுமை. 40 சதுர மில்லிமீட்டர் ஓட்டை என்பது இன்னோர் அளவுகோல். ஆனால் அன்றைய இரத்த அழுத்தம் 180 என்றால் கசிவு பெருகும், நீர் பிரிக்கும் மாத்திரை நன்றாக வேலை செய்திருந்தால் சுருங்கும். மயக்கத்தில் உணவுக்குழாய் எக்கோ எடுத்தால் அழுத்தம் விழுந்து, கசிவு உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும்.

ஆகவே நீலவானம் அவர்களே, அறிக்கையில் அன்றைய இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவுக்கு நாடி 120 இல் ஓடும்போது எடுத்த எக்கோவை வைத்து வால்வின் தலைவிதியை முடிவு செய்யாதீர்கள். நீரை வடித்து, வேகத்தை அடக்கி, பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

#9 நீலவானம்

நாடி 118 என்று இருக்கிறது! அழுத்தம் எழுதவில்லை.

#10 எதிரொலி

அப்படியானால் இன்னொன்று எடுக்காமல் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பேன். கசிவு இல்லாமல் போய்விடும் என்று சொல்லவில்லை. எவ்வளவு என்பது மாறலாம்.

#11 மாற்றுக்கருத்து

கிளிப் விஷயத்துக்கு வருவோம். "கிளிப் போட்டால் ஆயுள் கூடும் என்று நிரூபணமாகிவிட்டது" என்று உறவினர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நிரூபணம் என்று சொல்வது 2018 இன் கோஆப்ட் ஆய்வை. 614 பேர். இரண்டாண்டு முடிவில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 46.1 சதவீதமும், கிளிப்பும் போட்டவர்களில் 29.1 சதவீதமும் இறந்திருந்தார்கள். பெரிய வேறுபாடு, மறுக்கவில்லை. அதே ஆண்டில் வந்த மைட்ரா-எஃப்ஆர் ஆய்வில் 304 பேர், பலன் எதுவும் தெரியவில்லை.

ஆனால் நீலவானம் கவனிக்க வேண்டியது இதையெல்லாம்விட எளிமையானது. கோஆப்டில் சேர இ.எஃப். 20 முதல் 50 வரை இருக்க வேண்டும். மைட்ரா-எஃப்ஆரில் 15 முதல் 40. உங்கள் அம்மாவுக்கு 60. இரண்டு ஆய்வுகளின் வாசலிலும் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவரைச் சேர்த்துக்கொள்ளாத ஆய்வின் பலனை அவருக்கு எப்படி வாக்களிக்க முடியும்?

#12 வெள்ளை அங்கி

இந்த முறை முழுவதும் உடன்படுகிறேன். அந்த வாதத்தை என் இளம் சகாக்களுக்கும் நான் சொல்வதுண்டு.

ஆனால் ஆய்வு இல்லை என்பதற்காகக் கிளிப் பயனற்றது என்றாகிவிடாது. அது என்ன செய்கிறது என்று பார்த்தால் எங்கே உதவும், எங்கே தடுமாறும் என்பது புரியும். 1991 இல் இத்தாலிய அறுவை மருத்துவர் ஒட்டாவியோ அல்ஃபியேரி இரண்டு இதழ்களின் விளிம்பையும் நடுவில் சேர்த்துத் தைத்தார். ஒரு வாசல் இரண்டு சிறு வாசலாகும், கசிவு குறையும். அதையே மார்பைத் திறக்காமல், தொடையிடுக்குச் சிரை வழியாக ஏறி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்பைத் துளைத்து, ஒரு கவ்வியால் செய்வதுதான் மைட்ராகிளிப். மனிதருக்கு முதலில் போட்டது 2003 இல்.

கவ்வி இதழ்களைப் பிடிக்கிறது. விரிந்த வளையத்தை அது சுருக்குவதில்லை. உங்கள் தாயாரின் வகையில் நோய் இருப்பது வளையத்தில். வளையம் மிக அகன்று, இதழ்கள் நீட்டிப் பார்த்தும் எட்டாத நிலை என்றால் கவ்வ இடமிருக்காது. இரண்டு மூன்று கிளிப் போட்டுக் கசிவை அடைத்தால் வாசல் குறுகி இரத்தம் கீழிறங்கச் சிரமப்படலாம். பிடிக்க இதழ் போதுமான நீளம் இருக்கிறதா, போட்டபின் வாசல் எவ்வளவு மிஞ்சும் என்பதை உணவுக்குழாய் எக்கோ பார்த்துச் சொல்ல முடியும். கிளிப் சொன்ன மருத்துவரிடம் இந்த இரண்டு அளவுகளைக் கேளுங்கள்.

வழிகாட்டுநெறிகள் இந்த வகையை நீண்ட காலம் கண்டுகொள்ளவே இல்லை. 2025 இல் வந்த ஐரோப்பிய நெறி இதற்கெனத் தனிப் பரிந்துரை எழுதியிருக்கிறது. மருந்துக்குப் பின்னும் தொந்தரவு இருந்தால் அறுவையைப் பரிசீலிக்க வேண்டும், கூடவே துடிப்புக்கான அப்லேஷனும், இரத்தக்கட்டி உருவாகும் இடமான மேலறைப் பையை அடைப்பதும். அறுவை தாங்காதவர்களுக்கு, துடிப்பைச் சீராக்குவது உட்பட மற்றவற்றைச் செய்துபார்த்த பின் கிளிப்பைப் பரிசீலிக்கலாம். 'வேண்டும்', 'லாம்' இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

#13 இரண்டாம் மூச்சு

நான் அறுவை செய்துகொண்டவள். வளையம் வைத்தார்கள், இதழைத் தொடவில்லை. ட்ரைகஸ்பிட்டுக்கும் ஒரு வளையம். துடிப்புக்காக மேலறையில் கோடு கோடாகத் தழும்பு போட்டார்கள், அதற்கு மேஸ் என்று பெயர். மேலறைப் பையையும் அடைத்தார்கள். ஒரே திறப்பில் நான்கு வேலை. என் அறுவை மருத்துவர், "ஒருமுறைதான் திறப்பேன், அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்" என்றார்.

வலியைப் பற்றிக் கேட்டால், இருமும்போதுதான் உயிர் போகும். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுப்பார்கள். இருமப் பயந்து அடக்கினால் சளி கட்டிக் காய்ச்சல் வரும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அப்படித்தான் வந்தது. பசி திரும்ப நேரமாகும், அழுகை காரணமில்லாமல் வரும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பேஸ்மேக்கரும் வைக்க வேண்டியதாயிற்று. வீட்டில் இதை விபத்து போல் எடுத்துக்கொண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, இது அரிதே அல்ல என்று.

#14 மாற்றுக்கருத்து

அரிதல்ல என்பதற்கு எண்கள். 2015 இல் 260 பேரை வைத்துச் செய்த ஆய்வு: மைட்ரல் அறுவையோடு அப்லேஷனும் செய்தவர்களில் 63.2 சதவீதம் பேர் ஓராண்டில் சீரான துடிப்பில் இருந்தார்கள், செய்யாதவர்களில் 29.4. பேஸ்மேக்கர் தேவைப்பட்டதோ இரண்டு மடங்குக்கும் மேல். 2022 இல் இன்னொன்று: மைட்ரல் அறுவையோடு ட்ரைகஸ்பிட் வளையமும் வைத்தவர்களில் 14.1 சதவீதம் பேருக்குப் பேஸ்மேக்கர், வைக்காதவர்களில் 2.5. ஒவ்வொரு 'கூடவே'வுக்கும் ஒரு விலை இருக்கிறது. அம்மாவுக்கு ட்ரைகஸ்பிட்டில் மிதமான கசிவுதானே, அதற்கும் வளையம் தேவையா என்று கேளுங்கள்.

#15 இரண்டாம் மூச்சு

கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் தம்பி, விட்டுவைத்த ட்ரைகஸ்பிட் கசிவு பிறகு முற்றி, இன்னொரு முறை மார்பைத் திறக்க நேர்ந்தால் அதன் விலை என்ன என்பதையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும். பேஸ்மேக்கரோடு நான் தோட்ட வேலை செய்கிறேன்.

#16 தூரத்து மேகம்

ட்ரைகஸ்பிட் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் அப்பாவுக்கு மைட்ரல் பரவாயில்லை, ட்ரைகஸ்பிட்தான் மோசம். துடிப்பு தவறிப் பல வருடம். மாலையில் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. வயிறு உப்பியிருக்கிறது. கழுத்து நரம்பு துடிப்பது எதிரில் உட்கார்ந்தாலே தெரிகிறது. அவருக்கும் கிளிப் உண்டா?

#17 வெள்ளை அங்கி

உண்டு. வலது மேலறை விரிந்து வளையம் விரியும் கதை அங்கும் அதேதான். கடும் ட்ரைகஸ்பிட் கசிவுள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சீரற்ற துடிப்பு இருக்கும். 2023 இல் வந்த ட்ரைலுமினேட் ஆய்வில் 350 பேர், அவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். கிளிப் போட்டவர்களில் 87 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்தில் கசிவு மிதமாகவோ அதற்குக் கீழோ இறங்கியது, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 4.8 சதவீதம். அன்றாட வாழ்க்கை நன்றாகத் தேறியது. ஓராண்டில் உயிரிழப்பில் வேறுபாடு இல்லை. அதாவது மூச்சும் நடையும் சாப்பாடும் மேம்படலாம், ஆயுள் கூடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எண்பது வயதுக்காரர்கள் பலர் முதலாவதற்கே சம்மதிப்பார்கள்.

சிரை வழியாகப் புது வால்வையே வைக்கும் எவோக் என்ற முறையும் வந்துவிட்டது. கசிவை மேலும் முழுமையாக நிறுத்தும். ஆனால் அதைச் சோதித்த ட்ரைசெண்ட் 2 ஆய்வில் கடுமையான இரத்தப்போக்கு 15.4 சதவீதம், புதிய பேஸ்மேக்கர் 17.4 சதவீதம்.

எதுவானாலும் தாமதம் கெடுதல். கல்லீரலும் சிறுநீரகமும் நீர் தேங்கிக் கெட்ட பிறகு வருபவர்களுக்கு எந்தக் கருவியும் பெரிதாக உதவுவதில்லை. அப்பாவுக்கு ஏற்கனவே பேஸ்மேக்கர் இருந்தால் அதன் கம்பி வால்வு இதழைக் குத்திப் பிடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குக் கசிவின் காரணமே அதுதான்.

#18 மருந்துச்சீட்டு

மருந்தாளுநர் நான். இத்தனை பதிவுகளில் உறைதல் தடுப்பு மருந்தைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் இல்லை. சீரற்ற துடிப்புள்ளவரைப் பக்கவாதத்திலிருந்து காப்பது அதுதான், கிளிப்பும் வளையமும் அல்ல.

தினமும் என்னிடம் கேட்கும் குழப்பம் இது: "வால்வில் கோளாறு என்கிறார்கள், அப்படியானால் வார்ஃபரின்தானே போட வேண்டும், புது மாத்திரை கூடாதாமே?" அப்படி இல்லை. வார்ஃபரின் கட்டாயம் என்பது இரண்டு பேருக்கு. வாத சுரத்தால் மைட்ரல் வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ குறுகியவர்கள், உலோக வால்வு வைத்தவர்கள். முதல் வகைக்கு 2022 இன் இன்விக்டஸ் ஆய்வில் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்கள் குறைவாக இறந்தார்கள். இரண்டாம் வகைக்கு இன்னொரு புது மாத்திரையான டாபிகட்ரான் கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வைத் தீங்கு கண்டு பாதியில் நிறுத்தினார்கள். கசிவு மட்டும் உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அபிக்சபான் போன்ற புது மாத்திரைகள் அவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுகின்றன.

இன்னொன்று. துடிப்பைச் சீராக்க அமியோடரோன் தொடங்கினால் வார்ஃபரினின் வீரியம் கூடும், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிஜாக்சினின் அளவும் இரத்தத்தில் ஏறும். இரண்டையும் குறைக்க வேண்டியிருக்கும். டிஜாக்சின் எடுப்பவருக்கு வாந்தி, பசியின்மை, பார்வையில் மஞ்சள் என்று வந்தால் வயிற்றுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அமியோடரோன் எடுக்கும்வரை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை தவறக் கூடாது, புதிதாக இருமல் வந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும்.

#19 நீலவானம்

அனைவருக்கும் நன்றி. நீர் மாத்திரையைக் கூட்டி, துடிப்பின் வேகத்தை அடக்கி, பிறகு எக்கோ எடுப்பதற்கு மூன்றாவது மருத்துவர் சம்மதித்துவிட்டார். அடுத்து மின்அதிர்ச்சிச் சோதனை பற்றிப் பேச வேண்டும். டாக்டர், ஒரு கேள்வி. துடிப்பு சீரானால் வால்வு தேறுகிறதா என்று எவ்வளவு காலம் காத்திருப்பது? காத்திருப்பதே கெடுதல் ஆகிவிடாதா?

#20 வெள்ளை அங்கி

அப்லேஷனுக்குப் பின் முதல் இரண்டு மூன்று மாதத்துத் தடுமாற்றங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. சுட்ட தசை ஆற வேண்டும். அதன் பிறகு எடுக்கும் எக்கோதான் பேசும். மேலறை சுருங்க ஆறு மாதம், ஓராண்டுகூட ஆகலாம்.

ஆனால் காத்திருப்புக்கு நிபந்தனை உண்டு. மாத்திரைகளோடு மூச்சு ஓரளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். மறுபடி மறுபடி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலோ, நுரையீரல் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனாலோ, மின்அதிர்ச்சிக்குப் பின் சில நாளிலேயே துடிப்பு மறுபடி தவறினாலோ, துடிப்பை நம்பி இருப்பதில் பொருளில்லை. அப்போது அறுவை மருத்துவரையும் கிளிப் போடுபவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். தனித்தனி அறைகளில் கேட்டால் தனித்தனிப் பதில்தான் வரும்.

#21 தூரத்து மேகம்

மருந்துச்சீட்டு அவர்களே, அறுவையில் மேலறைப் பையை அடைத்துவிட்டால் உறைதல் தடுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எங்கள் குடும்ப நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?

#22 மருந்துச்சீட்டு

தானாக நிறுத்தக் கூடாது. அதற்கு ஆதாரமாகக் காட்டுவது 2021 இன் லாஸ்-3 ஆய்வு. வேறு காரணத்துக்காக இதய அறுவை செய்தபோது பையையும் அடைத்தவர்களில் 4.8 சதவீதம் பேருக்கும், அடைக்காதவர்களில் 7 சதவீதம் பேருக்கும் பக்கவாதமோ உடலின் வேறு இடத்தில் இரத்தக்கட்டி அடைப்போ வந்தது. நல்ல பலன். ஆனால் மூன்றாண்டு கழித்தும் அவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். மாத்திரையோடு சேர்ந்து கிடைத்த பலன் அது, மாத்திரைக்குப் பதிலாகக் கிடைத்ததல்ல. இரத்தப்போக்கு ஏற்பட்டு மாத்திரையே தாங்காத நிலை என்றால் அது வேறு பேச்சு, அதை அவருடைய இதய மருத்துவர்தான் எழுத்தில் சொல்ல வேண்டும். நண்பர் அல்ல.